பயணியர் தேவையும் தொடர்வண்டி நீளமும்

பயணியர் தேவைக்கும் தொடர்வண்டி நீளத்துக்கும் உள்ள தொடர்பு என்பது, ஒரு தடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் பயணம் செய்ய விரும்புகின்றனர் என்பதைக் கொண்டு, அத்தடத்தில் ஓடும் வண்டிக்கு எத்தனை பெட்டிகள் இணைக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் போக்குவரத்துத் திட்டமிடல் சிக்கலைக் குறிக்கும். தொடர்வண்டி (தொடருந்து, ரயில்) சேவைகளில், குறிப்பாகப் புறநகர் வண்டிகளிலும் மாவட்டத் தலைநகரங்களை அடுத்துள்ள ஊர்களுடன் இணைக்கும் வட்டார வண்டிகளிலும், இது அன்றாடம் எழும் சிக்கலாகும். பெட்டிகள் குறைந்தால் நெரிசல் உண்டாகிறது. கூடினால் பெட்டிகள் வெறுமையாக ஓடுகின்றன. பெட்டிகளின் எண்ணிக்கையைப் பயணியர் தேவை மட்டும் முடிவு செய்வதில்லை. நடைமேடையின் நீளம், பாதையின் வகை, பெட்டித் தொகுதியின் கட்டமைப்பு, பராமரிப்பு வசதி ஆகியவையும் அதனை வரையறுக்கின்றன.

இக்கட்டுரை இச்சிக்கலைத் தமிழ்நாட்டின் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. சேலம் மாநகரின் அம்மாபேட்டைப் பகுதி வழியாகச் செல்லும் சேலம் - விருத்தாசலம் பாதையும், நாமக்கல் வழியாகச் செல்லும் சேலம் - கரூர் பாதையும் வட்டார வண்டிகளுக்கும், சென்னைப் பாதைகள் புறநகர் வண்டிகளுக்கும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

அடிப்படைக் கணக்கு

ஒரு பாதையில் ஒரு திசையில் ஒரு மணி நேரத்தில் ஏற்றிச் செல்லக்கூடிய பயணியரின் எண்ணிக்கை மூன்று எண்களின் பெருக்கற்பலன் ஆகும்.

கொள்ளளவு = ஒரு மணி நேரத்தில் ஓடும் வண்டிகள் × ஒரு வண்டியின் பெட்டிகள் × ஒரு பெட்டியில் இடங்கொள்ளும் பயணியர்

எடுத்துக்காட்டாக, ஒரு பெட்டியில் 300 பேர் இடங்கொள்வர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு நான்கு முறை ஓடும் ஒன்பது பெட்டி வண்டிகள் 10,800 பேரை ஏற்றிச் செல்லும். அதே வண்டிகளைப் பன்னிரண்டு பெட்டிகளாக்கினால் இவ்வெண்ணிக்கை 14,400 ஆக உயரும். அதாவது கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இதற்குக் கூடுதல் ஓட்டுநரோ பாதையில் கூடுதல் இடைவெளியோ தேவைப்படுவதில்லை. நெரிசல் மிகுந்த பாதைகளில் வண்டியின் நீளத்தைக் கூட்டுவது முதல் தீர்வாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

எனினும் பயணியரின் பார்வையில் நீளமும் வண்டிகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. 15 நிமிடங்களுக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில், நேரம் பாராமல் நிலையத்துக்கு வரும் பயணி சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருக்க நேரிடும். பெட்டிகளைக் கூட்டினால் இக்காத்திருப்பு குறையாது. வண்டிகளைக் கூட்டினால் குறையும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வண்டிகள் மட்டும் ஓடும் வட்டாரப் பாதைகளில் இவ்வேறுபாடு மேலும் பெரிதாகிறது. அங்கே பயணி வண்டிக்காகக் காத்திருப்பதில்லை. தன் வேலை நேரத்தை வண்டியின் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறார், அல்லது பேருந்தில் ஏறிவிடுகிறார்.

சராசரி காட்டும் மயக்கம்

நூறு பேர் அமரக்கூடிய இரு பெட்டிகளில் ஒன்றில் 150 பேரும் மற்றொன்றில் 50 பேரும் பயணம் செய்வதாகக் கொள்வோம். நிருவாகத்தின் கணக்கில் சராசரி நிரம்பல் 100 விழுக்காடு ஆகும். குறை எதுவும் தோன்றாது. ஆனால் பயணம் செய்த 200 பேரில் 150 பேர் நெரிசலான பெட்டியில்தான் இருந்தனர். ஒவ்வொரு பயணியும் கண்ட நிரம்பலைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அது 125 விழுக்காடு ஆகிறது. வண்டிகளுக்கு இடையிலும், ஒரே வண்டியின் பெட்டிகளுக்கு இடையிலும், ஒரே நாளின் நேரங்களுக்கு இடையிலும் இவ்வேறுபாடு காணப்படும். "சராசரியாக இடம் இருக்கிறது" என்னும் நிருவாகக் கூற்றும், "ஏற முடியவில்லை" என்னும் பயணியர் கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இவ்வாறே.

ஒரே வண்டியினுள் நெரிசல் சீராகப் பரவாமைக்கு நிலைய அமைப்பும் காரணமாகிறது. பயணியர் பெரும்பாலும் நடைமேம்பாலத்துக்கும் வெளிவாயிலுக்கும் அருகில் நிற்கும் பெட்டிகளில் ஏறுகின்றனர். வண்டி நீளும்போது கடைசிப் பெட்டிகள் வாயிலிலிருந்து விலகிப் போவதால், கூட்டப்பட்ட பெட்டிகள் முழுப் பயன் தருவதில்லை. நடைமேடையின் இரு முனைகளிலும் வழிகள் அமைப்பது இதற்குரிய தீர்வாகும்.

பெட்டித் தொகுதிகள்

பெட்டிகளை ஒன்றொன்றாகக் கூட்டுவது எல்லா வகை வண்டிகளிலும் இயலாது. இந்தியாவில் பயன்படும் முதன்மையான வகைகள் பின்வருமாறு.

- எஞ்சின் இழுக்கும் வண்டி: பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவோ கழற்றவோ முடியும். ஆனால் முனை நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவர வேண்டும். சென்னைப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எப்.) மரபான பெட்டி ஒன்று இணைப்பிகளுடன் சேர்த்து ஏறத்தாழ 22.3 மீட்டர் நீளமுடையது. எனவே 24 பெட்டிகள் கொண்ட விரைவு வண்டி, எஞ்சின் நீங்கலாக, ஏறத்தாழ 535 மீட்டர் நீளமிருக்கும்.
- மின்தொடர் வண்டி (இ.எம்.யூ.): மும்பை, சென்னை புறநகர்ப் பாதைகளில் ஓடுவது. பெட்டிகள் மூன்று மூன்றாக ஓர் அலகாக அமைந்துள்ளன. ஆகவே இவ்வண்டிகள் 9, 12, 15 என மூன்றின் மடங்குகளிலேயே நீள்கின்றன.
- மெமு: மின்மயமாக்கப்பட்ட முதன்மைப் பாதைகளில் குறுந்தொலைவு செல்வது. மரபான மெமுவில் ஓர் இயக்கப் பெட்டியும் மூன்று இழுவைப் பெட்டிகளும் சேர்ந்து ஓர் அலகாகும். இதனால் 8, 12, 16 என்னும் எண்ணிக்கைகள் வழக்கில் உள்ளன.
- டெமு: டீசலால் இயங்கும் தொடர் வண்டி. இரு முனைகளிலும் இயக்கப் பெட்டிகள் இருப்பதால் எஞ்சினை மாற்றும் வேலை இல்லை. ஆனால் இழுவைப் பெட்டிகளைக் கூட்டக் கூட்ட வண்டி வேகமெடுக்கும் திறன் குறையும்.

எனவே தேவை பத்து விழுக்காடு கூடினால் பெட்டிகளைப் பத்து விழுக்காடு கூட்டிவிட இயலாது. ஒன்பது பெட்டி மின்தொடர் வண்டியின் அடுத்த படி பன்னிரண்டு ஆகும். தேவை சீராக ஏறுகையில் கொள்ளளவு படிக்கட்டு போல ஏறுகிறது. ஒரு படியிலிருந்து மறு படிக்குச் செல்லும் வரை நெரிசல் தொடர்கிறது. படி ஏறியவுடன் சில ஆண்டுகளுக்கு இடம் மிஞ்சுகிறது.

நீளத்தை வரையறுக்கும் காரணிகள்

நடைமேடை

வண்டியின் நீளத்துக்கு முதல் எல்லையாக அமைவது நடைமேடை ஆகும். பன்னிரண்டு பெட்டி மின்தொடர் வண்டி ஏறத்தாழ 260 மீட்டர் நீளமிருப்பதால், தடத்தின் எல்லா நிலையங்களிலும் அந்நீளத்துக்கு நடைமேடை வேண்டும். ஒரு நிலையத்தில் மட்டும் நடைமேடை குறுகியிருந்தாலும் முழுத் தடமும் அதற்குக் கட்டுப்படும். நடைமேடையைத் தாண்டி நிற்கும் பெட்டிகளிலிருந்து முதியோரும் பெண்களும் மூட்டை முடிச்சுகளுடன் சரளைக் கற்கள் மீது இறங்க நேரிடுவது, விரைவு வண்டிகள் நிற்கும் சிறு நிலையங்களில் நெடுநாளாக உள்ள குறையாகும். சில நாடுகளில், நடைமேடைக்கு வெளியே நிற்கும் பெட்டிகளின் கதவுகள் மட்டும் திறவாதிருக்கும் முறை கையாளப்படுகிறது. கதவுகள் தானாக மூடாத மரபான இந்தியப் பெட்டிகளில் அம்முறை இயலாது.

ஒற்றைப் பாதை

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் குறிப்பிட்ட சில நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். இதனால் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு ஏற்படுகிறது. ஒரு வண்டி தாமதமானால் எதிர்வண்டியும் கடவு நிலையத்தில் காத்து நிற்கும். இத்தகைய பாதையில் புதிய வண்டி ஒன்றைச் சேர்ப்பதைவிட ஓடும் வண்டியை நீட்டுவது எளிது. ஆயினும் கடவு நிலையத்தின் லூப் பாதையில் அடங்கும் நீளத்துக்கு மேல் அதனை நீட்ட இயலாது.

ரயில்வே கேட்

ஊருக்குள் செல்லும் பாதைகளில், நீண்ட வண்டியால் கேட் நெடுநேரம் மூடப்படும் என்ற கருத்து பரவலாக உள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால் இது ஓரளவே உண்மையாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 180 மீட்டர் நீளமுள்ள எட்டுப் பெட்டி வண்டி ஓர் இடத்தைக் கடக்க ஏறத்தாழ 11 வினாடிகள் ஆகும். 540 மீட்டர் வண்டிக்கு ஏறத்தாழ 32 வினாடிகள் ஆகும். வேறுபாடு 21 வினாடிகள் மட்டுமே. வண்டி வருவதற்கு முன்பே கேட்டை மூடிச் சைகை கொடுக்கும் நேரம் இதைவிடப் பன்மடங்கு அதிகமாகும். ஆகவே சாலைப் போக்குவரத்தைப் பெரிதும் பாதிப்பது வண்டியின் நீளமன்று, கேட் மூடப்படும் தடவைகளின் எண்ணிக்கையே ஆகும். மேம்பாலமோ சுரங்கப்பாதையோ அமையாத நகர்ப்புறப் பாதைகளில் வண்டிகளைக் கூட்டுவதற்கு இது ஒரு தடையாகிறது.

பெட்டிகளின் சுழற்சி

ரேக் எனப்படும் ஒரு பெட்டித் தொகுதி ஒரு நாளில் ஒரு தடத்தில் மட்டும் ஓடுவதில்லை. காலையில் ஒரு தடத்திலும் மாலையில் வேறொரு தடத்திலும் அதே ரேக் ஓடலாம். அவற்றுள் மிகுதியான தேவையுள்ள தடத்துக்கு ஏற்பப் பெட்டிகளை அமைத்தால் மற்றத் தடத்தில் அவை வெறுமையாக ஓடும். குறைந்த தேவைக்கு ஏற்ப அமைத்தால் முதல் தடத்தில் நெரிசல் உண்டாகும். பராமரிப்புக் குழிப்பாதையின் நீளமும் இரவில் நிறுத்தி வைக்கும் பாதையின் நீளமும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

தேவையை அளத்தல்

முன்பதிவு வண்டிகளில் தேவையை அளப்பது எளிது. காத்திருப்போர் பட்டியலின் நீளமே தேவையைக் காட்டிவிடும். இதனால் அவற்றின் நீளம் விரைவில் திருத்தப்படுகிறது. சென்னை எழும்பூர் - திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி 2023 செப்டம்பரில் எட்டுப் பெட்டிகளுடன் தொடங்கப்பட்டு, 2025 சனவரியில் பதினாறு பெட்டிகளாக்கப்பட்டது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

முன்பதிவற்ற வட்டார வண்டிகளில் நிலைமை வேறு. அவற்றுக்குரிய பயணச்சீட்டு புறப்படும் நிலையத்தையும் சேரும் நிலையத்தையும் குறிக்கிறதே தவிர, பயணி எந்த வண்டியில் ஏறினார் என்பதைக் குறிப்பதில்லை. பருவச்சீட்டு (சீசன் டிக்கெட்) வைத்திருப்பவர் ஒரு நாளில் பயணம் செய்தாரா இல்லையா என்பதும் பதிவாவதில்லை. மாதாந்தரப் பருவச்சீட்டு ஒன்றுக்கு இத்தனை பயணங்கள் என்று நிலையான எண்ணிக்கையே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே இவ்வண்டிகளின் உண்மையான நிரம்பலை அறிய, ஆட்களைக் கொண்டு நேரில் எண்ணுவதே நம்பத்தகுந்த வழியாக உள்ளது.

எண்ணும் இடமும் முக்கியமானதாகும். ஒரு வண்டி தன் தடத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவு நிரம்புவதில்லை. மாவட்டத் தலைநகருக்கும் முதல் சில நிலையங்களுக்கும் இடையில் நிரம்பி வழியும் வண்டி, தொலைவு செல்லச் செல்லக் காலியாகலாம். வண்டியின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியது மிகுந்த சுமையுள்ள பகுதியின் எண்ணிக்கையாகும். முழுத் தடத்தின் சராசரியைக் கொண்டால் அப்பகுதியின் நெரிசல் மறைந்துவிடும்.

இவற்றைவிடக் கடினமானது மறைந்த தேவையை அளப்பதாகும். வண்டியில் ஏறியவர்களை எண்ணலாம். நேரம் பொருந்தாததால் நிலையத்துக்கே வராதவர்களை எண்ண முடியாது. வண்டிகள் குறைவாக இருப்பதால் பயணியர் குறைவாக இருப்பதும், பயணியர் குறைவு என்று காட்டி வண்டிகள் குறைவாகவே இயக்கப்படுவதும் ஒன்றையொன்று தொடரும் சுழலாகின்றன. ஒரு தடத்தில் இணையாக ஓடும் பேருந்துகளின் எண்ணிக்கையும் அவற்றின் நெரிசலும் மறைந்த தேவைக்கு ஓர் அறிகுறியாகக் கொள்ளத்தக்கன.

சேலம் வட்டாரம்

சேலம் சந்திப்பு நிலையம் நகரின் மேற்கே சூரமங்கலத்தில் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து சோலார்பேட்டை, ஈரோடு வழியாக மேற்குக் கரைக்குச் செல்லும் முதன்மைப் பாதையில் உள்ள இந்நிலையத்திலிருந்து விருத்தாசலம், கரூர், ஓமலூர் ஆகிய திசைகளிலும் பாதைகள் பிரிகின்றன. பாலக்காடு, திருச்சிராப்பள்ளிக் கோட்டங்களின் பகுதிகளைப் பிரித்து, 2007 நவம்பர் 1 அன்று தெற்கு இரயில்வேயின் சேலம் கோட்டம் உருவாக்கப்பட்டது.

அம்மாபேட்டையும் விருத்தாசலம் பாதையும்

அம்மாபேட்டை சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றாகும். ஏனையவை சூரமங்கலம், அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி ஆகியன. நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள அம்மாபேட்டை கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. சந்திப்பு நிலையம் நகரின் மறுகோடியில் இருப்பதால், அம்மாபேட்டை மக்களுக்கு அண்மையில் உள்ளவை விருத்தாசலம் பாதையில் அமைந்த சேலம் டவுன், அயோத்தியாபட்டணம் ஆகிய நிலையங்களாகும். தஞ்சாவூர் மாவட்டத்தில், தஞ்சாவூர் - நீடாமங்கலம் பாதையில் உள்ள அம்மாபேட்டை நிலையம் வேறாகும்.

இப்பாதை சேலம் சந்திப்பிலிருந்து சேலம் மார்க்கெட், சேலம் டவுன், அயோத்தியாபட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலத்தை அடைகிறது. மீட்டர் பாதையாக இருந்த இது 2000களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது, பின்னர் மின்மயமாக்கப்பட்டது. இன்றும் இது ஒற்றைப் பாதையாகும். சென்னை எழும்பூர் - சேலம் விரைவு வண்டியும் பெங்களூரு - காரைக்கால் வண்டியும் இப்பாதையைப் பயன்படுத்துகின்றன. இவை தவிர முன்பதிவற்ற வட்டார வண்டிகளும் ஓடுகின்றன.

இப்பாதைக்கு ஏறத்தாழ இணையாகச் சேலம் - உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. சேலத்திலிருந்து வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் நாள் முழுவதும் பேருந்துகள் ஓடுகின்றன. வண்டியின் கட்டணம் பேருந்துக் கட்டணத்தைவிடக் குறைவு. ஆனால் ஒரு வண்டியைத் தவறவிட்டவர் அடுத்த வண்டிக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அடுத்த பேருந்து சில நிமிடங்களில் வந்துவிடும். இதனால் இப்பாதையின் வட்டார வண்டிகளைப் பயன்படுத்துவோர், வண்டியின் நேரம் தம் வேலை நேரத்துடன் பொருந்துபவர்களாகவும் கட்டணச் சேமிப்பைப் பெரிதாகக் கருதுபவர்களாகவும் இருப்பர் எனலாம். கல்லூரி மாணவர், பருவச்சீட்டில் செல்லும் பணியாளர், சந்தைக்குச் சரக்கு கொண்டு வரும் சிறு வணிகர் ஆகியோர் இவ்வகையினர். காலையில் நகரை நோக்கிய வண்டியும் மாலையில் நகரிலிருந்து புறப்படும் வண்டியுமே இவர்களுக்குப் பயன்படுவன. இவ்விரு வண்டிகள் நிரம்பி, நண்பகல் வண்டி காலியாக ஓடினால், நாளின் சராசரி இரண்டையும் மறைத்துவிடும்.

இத்தகைய பாதையில் பெட்டிகளைக் கூட்டுவது, ஏற்கெனவே வண்டியில் செல்பவர்களின் நெரிசலைக் குறைக்கும். பேருந்தில் செல்பவர்களைப் பெரிதாக ஈர்க்காது. குறைந்த பெட்டிகளுடன் அடிக்கடி ஓடும் வண்டிகள் பேருந்துப் பயணியரையும் ஈர்க்கக்கூடும். ஆனால் அதற்கு ஒற்றைப் பாதையில் கடவு வசதியும் நகரினுள் உள்ள கேட்டுகளுக்கு மாற்றும் தேவைப்படும். அம்மாபேட்டையை அடுத்த ஒரு பகுதி "பொன்னம்மாபேட்டை கேட்" என்றே வழங்கப்படுவது, நகரின் சாலைகளுக்கும் இப்பாதைக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டுகிறது.

நாமக்கல் வழியான கரூர்ப் பாதை

சேலம் - கரூர் அகலப்பாதை ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுடையது. இது இராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகச் சென்று, காவிரியைக் கடந்து, கரூரை அடைகிறது. 2013 மே மாதத்தில் இப்பாதையில் பயணியர் சேவை தொடங்கியது. அதற்கு முன் நாமக்கல் நகருக்குத் தொடர்வண்டி இணைப்பு இல்லை.

புதிய பாதையில் பழைய பயணியர் எண்ணிக்கை என்று ஒன்று இருப்பதில்லை. ஆகவே தொடக்கத்தில் வண்டியின் நீளம் மதிப்பீட்டைக் கொண்டே முடிவு செய்யப்படும். மக்கள் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், முதலாண்டின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு சேவையைக் குறைப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

2023 ஆகத்தில், மயிலாடுதுறை, திருச்சிராப்பள்ளி, கரூர், சேலம் ஆகிய ஊர்களுக்கு இடையே தனித்தனியாக ஓடிய வண்டிகள் இணைக்கப்பட்டு, மயிலாடுதுறை - சேலம் என ஒரே வண்டியாக்கப்பட்டன. இதனால் நாமக்கல் பயணியர் வண்டி மாறாமல் திருச்சிராப்பள்ளிக்கும் தஞ்சாவூருக்கும் செல்ல முடிந்தது. முனை நிலையங்களில் ரேக்குகள் வீணே நிற்கும் நேரமும் இத்தகைய இணைப்பால் குறையும். அதே வேளையில், தேவை வேறுபட்ட தடங்கள் ஒரே நீளமுள்ள வண்டியால் பிணைக்கப்படுகின்றன. ஒரு முனையில் ஏற்படும் தாமதம் மறு முனை வரை செல்கிறது. இணைப்பின் நன்மையும் தீமையும் சேர்த்தே எடைபோடத்தக்கன.

கட்டணத்தின் விளைவு

கோவிட்-19 பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் இந்தியாவில் பயணியர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் தொடங்கியபோது, வட்டார வண்டிகள் பல விரைவுச் சிறப்பு வண்டிகள் என்னும் பெயரில், குறைந்த அளவுக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தப்பட்டு இயக்கப்பட்டன. 2024 பெப்ரவரியில் பழைய கட்டணம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த சில நிலையங்களுக்கு மட்டும் செல்லும் பயணிக்குக் கட்டணம் மும்மடங்கானால், பேருந்தைவிட வண்டி மலிவு என்னும் காரணமே இல்லாமல் போகும். எனவே இவ்வாண்டுகளின் பயணியர் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு தடத்தின் இயல்பான தேவையை மதிப்பிடுவது பொருந்தாது.

திருவிழாக் காலம்

சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா, பொங்கல், தீபாவளி ஆகிய காலங்களில் தேவை இயல்பைவிடப் பன்மடங்கு உயரும். இவ்வுச்சத்துக்கு ஏற்ப ஆண்டு முழுவதும் பெட்டிகளை வைத்திருப்பது செலவு மிக்கது. ஆகவே சிறப்பு வண்டிகளும் தற்காலிகக் கூடுதல் பெட்டிகளும் கையாளப்படுகின்றன. எஞ்சின் இழுக்கும் வண்டிகளில் இது எளிது; மெமு, டெமு வண்டிகளில் கடினம்.

சென்னை

சென்னைக் கடற்கரை - தாம்பரம் மீட்டர் பாதையில் 1931இல் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கின. இத்தடத்தின் மீட்டர் பாதைச் சேவை 2004இல் முடிவுக்கு வந்தது. அகலப்பாதை மின்தொடர் வண்டிகள் நெடுங்காலம் ஒன்பது பெட்டிகளுடன் ஓடின. 2000களின் பிற்பகுதியிலிருந்து நடைமேடைகள் நீட்டப்பட்டு, பன்னிரண்டு பெட்டி வண்டிகள் படிப்படியாக அறிமுகமாயின. 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் தொடங்கப்பட்ட குளிரூட்டப்பட்ட புறநகர் வண்டியும் பன்னிரண்டு பெட்டிகள் கொண்டதே.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு பறக்கும் ரயில் எனப்படும் பெருந்திரள் விரைவுப் போக்குவரத்து அமைப்பாகும். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் திறக்கப்பட்ட இத்தடத்தில் மிகப்பெரிய நிலையங்கள் கட்டப்பட்டன. எனினும் திட்டமிட்ட அளவுக்குப் பயணியர் வரவில்லை. இணைப்புப் பேருந்துகளும் நிலையங்களை எளிதில் அடையும் வழிகளும் போதிய அளவில் இல்லாமை முதன்மையான காரணமாகக் கூறப்படுகிறது. நீண்ட நடைமேடை மட்டுமே பயணியரை வரவழைக்காது என்பதை இது காட்டுகிறது.

2015இல் சேவையைத் தொடங்கிய சென்னை மெட்ரோ நான்கு பெட்டி வண்டிகளைக் குறுகிய இடைவெளிகளில் இயக்கும் வழியை மேற்கொண்டது. அதன் நடைமேடைகள் ஆறு பெட்டிகளுக்குப் போதிய நீளத்தில் அமைக்கப்பட்டன. நிலத்தடி நிலையத்தைப் பின்னர் நீட்டுவது மிகக் கடினமாதலால், முதலில் நீண்ட நடைமேடையும் குறுகிய வண்டியும், தேவை கூடியபின் நீண்ட வண்டியும் என்பது இத்தகைய அமைப்புகளில் பின்பற்றப்படும் வழக்கமாகும்.

பிற இடங்கள்

மும்பையில் 1925 பெப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்தொடர் வண்டி நான்கு பெட்டிகளுடன் ஓடியது. பின்னர் ஒன்பது, பன்னிரண்டு என வளர்ந்து, 2009இல் மேற்கு இரயில்வேயிலும் 2012இல் மத்திய இரயில்வேயிலும் பதினைந்து பெட்டி வண்டிகள் அறிமுகமாயின. அதே நகரின் துறைமுகத் தடத்தில் ஒன்பது பெட்டிகள் பன்னிரண்டாக மாறியது 2016இல்தான். நடைமேடைகளை நீட்டுவதற்கு இடமின்மை இதனைத் தாமதப்படுத்தியது.

தோக்கியோவின் யமனோட்டே தடத்தில் 1991இல் பத்துப் பெட்டி வண்டிகள் பதினொன்றாக்கப்பட்டன. சேர்க்கப்பட்ட பெட்டிக்குப் பக்கத்துக்கு ஆறு கதவுகள் இருந்தன; காலை நெரிசலின்போது அதன் இருக்கைகள் மடித்து வைக்கப்பட்டன. இலண்டனின் எலிசபெத் தடத்துக்காக உருவாக்கப்பட்ட ஒன்பது பெட்டி வண்டிகள், இலிவர்பூல் தெரு நிலையத்தின் பழைய நடைமேடைகள் குறுகியிருந்ததால், 2017இல் ஏழு பெட்டிகளுடன் ஓடத் தொடங்கின. நடைமேடை நீட்டப்பட்ட பின்னரே முழு நீளத்தை எட்டின.

இலங்கையில் தொடருந்துப் பாதைகள் மின்மயமாக்கப்படவில்லை. கொழும்பின் புறநகர்ப் பயணியரை டீசல் தொடர் வண்டிகளும் எஞ்சின் இழுக்கும் வண்டிகளும் ஏற்றிச் செல்கின்றன.

மதிப்பீடு

பெட்டிகளைக் கூட்டுவதா, வண்டிகளைக் கூட்டுவதா என்னும் வினாவுக்கு எல்லாத் தடங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி ஓடும் புறநகர்த் தடத்தில் காத்திருப்பு ஏற்கெனவே குறைவாதலால் நீளத்தைக் கூட்டுவது பெரும் பயன் தரும். நாளில் சில வண்டிகளே ஓடும் வட்டாரத் தடத்தில், நெரிசலான காலை, மாலை வண்டிகளை நீட்டுவது உடனடித் தீர்வாகும். தடத்தின் மறைந்த தேவையை வெளிக்கொணர்வதற்கு வண்டிகளைக் கூட்டுவதே வழியாகும். இரு நிலையிலும், தடத்தின் சராசரியைக் கொள்ளாமல், மிகுந்த சுமையுள்ள பகுதியில் மிகுந்த சுமையுள்ள நேரத்தில் எண்ணுவது முதற்படியாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

- சேலம் தொடர்வண்டிக் கோட்டம்
- சேலம் சந்திப்பு தொடர்வண்டி நிலையம்
- சென்னை புறநகர் இருப்புவழி
- பறக்கும் ரயில்
- அம்மாபேட்டை (சேலம்)